ஊருக்குள் ஒரு போலீஸ் வந்த கதை

சித்திரைத் தேர் சமயத்தில் அவிநாசியில் எந்த வீட்டுத் திண்ணையும் சும்மா இருக்காது. கோவை, கோபி, பெருந்துறை என்று நாலா பக்கமிருந்தும் சொந்தபந்தம் வந்து இறங்கியிருக்கும். பெரியவர்கள் தேர் எப்போது நிலை சேரும் என்று பேசிக்கொண்டிருக்க, பிள்ளைகள் பழைய நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துச் சீட்டு எழுத ஆரம்பித்துவிடுவார்கள். ராஜா 1000, ராணி 800, மந்திரி 500, போலீஸ் 300, திருடன் 0. தெருவுக்குத் தெரு எண் மாறும். திருடனுக்கு மட்டும் எங்கே போனாலும் முட்டைதான்.

சீட்டைக் குலுக்கிப் போட்டு ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். போலீஸ் தன் சீட்டைக் காட்டிவிட்டு, திருடன் யாரென்று கை நீட்டிச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் போலீஸின் எண் திருடனுக்குப் போய்விடும். விவரமான பிள்ளைகள் முகத்தைப் பார்ப்பதே இல்லை, தாளைத்தான் பார்ப்பார்கள். பேனாவை அழுத்தி எழுதியிருந்தால் எழுத்து பின்பக்கம் தடித்துத் தெரியும். திருடன் சீட்டின் மூலை போன ஆட்டத்திலேயே கொஞ்சம் கிழிந்திருக்கும். அதனால் பத்து ஆட்டத்துக்கு ஒரு தடவை சீட்டையெல்லாம் புதிதாக எழுதச் சொல்லி ஒரு சண்டை நடக்கும்.

இந்த எளிய ஆட்டத்துக்குள் ஒரு பெரிய கேள்வி உட்கார்ந்திருக்கிறது: போலீஸுக்கு எவ்வளவு பலம் கொடுக்கலாம்? ஐந்து பேர் ஆடும்போது போலீஸ் மட்டும் சீட்டைக் காட்டினால், நாலு பேரில் ஒருவனைக் குருட்டாம்போக்கில் சொல்ல வேண்டும். ராஜாவும் சீட்டைத் திறந்து வைத்தால் மூவரில் ஒருவன். ராணியும் திறந்துவிட்டால் இருவரில் ஒருவன், அதாவது பாதிக்குப் பாதி. யார் யார் முதலில் சீட்டைக் காட்ட வேண்டும் என்று பிள்ளைகள் போட்டுக்கொள்ளும் சண்டை முழுவதும் இந்தப் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் சண்டைதான். தேர்ச்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் கட்டையை ஒரு சாண் முன்னே பின்னே நகர்த்துவது மாதிரி அந்த விதியை நகர்த்திப் பார்க்கிறார்கள்.

ஆனால் சீட்டு ஆட்டத்தில் ஒரு குறை உண்டு. ராஜாவுக்கும் ராணிக்கும் வேலையே இல்லை. எடுத்த சீட்டுக்கு எண் கிடைக்கும், அவ்வளவுதான். பேச்சு நடப்பது போலீஸுக்கும் திருடனுக்கும் இடையே மட்டும். கூட்டத்தில் எல்லாரையும் பேச வைக்கும் திருடன் ஆட்டம் வேறு இடத்தில் பிறந்தது.

மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் படித்துக்கொண்டிருந்த திமித்ரி தாவிதோவ், 1986-87 வாக்கில் அதை உருவாக்கினார். அவருக்கு அப்போது பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் வேலையும் இருந்தது. உளவியலையும் அந்த வேலையையும் ஒன்றாகச் சேர்க்க வழி தேடியதில் கிடைத்ததுதான் மாஃபியா. ஆட்டத்தின் உயிர் இரண்டே கட்சியில் இருக்கிறது: ஒருவரை ஒருவர் அறிந்த சிறு கூட்டம் ஒன்று, யாரையும் அறியாத பெரிய கூட்டம் ஒன்று. இரவில் எல்லாரும் கண்ணை மூட, சிறு கூட்டம் மட்டும் கண் திறந்து ஒருவரை வெளியேற்றும். பகலில் ஊர் கூடிப் பேசி, ஓட்டெடுத்து, சந்தேகப்பட்டவரை வெளியேற்றும். வகுப்பறை, விடுதி, கோடை முகாம் என்று பரவி, நாடு விட்டு நாடும் போனது. 1997-ல் அமெரிக்காவின் ஆண்ட்ரூ பிளாட்கின் மாஃபியாவை எடுத்துவிட்டு ஓநாய் மனிதர்களை வைத்தார். பகலில் நம்மைப் போலவே இருந்து இரவில் வேட்டையாடுகிற எதிரிக்கு அதுதான் பொருத்தம் என்பது அவர் வாதம். அவருடைய ஊரில் ஒரு குறிசொல்பவரும் உண்டு. இரவுக்கு ஒருவரைச் சுட்டிக்காட்டி, அவர் ஓநாயா இல்லையா என்று ஆட்டத்தை நடத்துபவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எங்கள் திண்ணையில் அந்த வேலை போலீஸுக்கு.

ஊராருக்கு வெறும் வாயும் ஓட்டும் மட்டும்தான் என்றிருந்த ஆட்டத்தில், ஒருவருக்கு மட்டும் உண்மை தெரியும் என்றானதும் எல்லாம் மாறிப்போனது. அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை 2008-ல் மார்க் பிரேவர்மன், ஒமித் எதெசாமி, எல்ச்சனான் மோசெல் ஆகிய மூவரும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். போலீஸே இல்லாத ஊரில் இரு கட்சியும் சமமாக நிற்க வேண்டுமென்றால், திருடர்களின் எண்ணிக்கை மொத்தத் தலைகளின் வர்க்கமூலத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஊர் நூறு மடங்கு பெருத்தால் திருடர்கள் பத்து மடங்கு பெருத்தால் போதும். உண்மை தெரிந்த சிறு கூட்டத்துக்கு அவ்வளவு பலம். ஒரே ஒரு போலீஸை உள்ளே விட்டால் அந்தக் கணக்கு செல்லாது. ஊர் பெருகும் விகிதத்திலேயே திருடர்களும் பெருகினால்தான் ஈடு கொடுக்க முடியும்.

திண்ணையில் நடக்கும்போது இந்தப் பலம் வேறு விதமாகத் தெரியும். பன்னிரண்டு வயதுப் பெண் எழுந்து, "ஏனுங் மச்சா, ராத்திரியே உங்களப் பாத்துட்டேன். நீங்கதான் திருடன்" என்கிறாள். கல்லூரி போகும் மச்சான் அசராமல், "அம்மிணி பொய் சொல்லுது. போலீஸ் நாந்தான்" என்கிறான். அந்த நொடியிலிருந்து மற்ற எட்டுப் பேரும் வேடிக்கை பார்க்கிறவர்கள் ஆகிவிடுகிறார்கள். இருவரில் ஒருவர் பொய், இன்றைக்கு ஒருவரை அனுப்பினால் நாளைக்கு உண்மை தெரிந்துவிடும். பலமான வேடம் ஊரை ஜெயிக்க வைக்கலாம், ஆனால் ஊர் பேசுவதை நிறுத்திவிடும். வேடத்தை எடை போடும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன். எத்தனை தடவை ஜெயிக்க வைக்கிறது என்பதற்கு அடுத்த இடம்தான்.

டாக்டர் பிறந்ததிலும் இதே சிக்கல் வேறு உருவில் இருக்கிறது. போலீஸ் வாய் திறந்தால் அன்றிரவே அவரைத் திருடர்கள் வெளியேற்றிவிடுவார்கள். காப்பாற்ற ஒருவர் வேண்டும் என்று இரவுக்கு ஒருவரைக் காக்கும் டாக்டர் வந்தார். காப்பது எப்போதும் நல்லதுதானே என்று தோன்றும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியம் காத்திருக்கிறது. ஒரு திருடன், போலீஸ் கிடையாது, எல்லாரும் குருட்டு ஊகத்தில் ஓட்டுப் போடுகிறார்கள், ஆட்டம் பகலில் தொடங்குகிறது, ஒருவருக்கு ஒருவர் என்று இருவர் மிஞ்சினால் திருடன் ஜெயித்தான் என்று வைப்போம். ஐந்து பேர் ஆடினால் ஊர் ஜெயிக்க 15-க்கு 7 வாய்ப்பு, ஏறக்குறைய 47 சதவீதம். ஆறாவதாக ஓர் அப்பாவி சேர்ந்தால் வாய்ப்பு 37.5 சதவீதமாகக் குறைகிறது! ஐந்து பேரானாலும் ஆறு பேரானாலும் ஊருக்குக் கிடைப்பது இரண்டே ஊகம். ஐந்து பேரில் முதல் ஊகம் ஐவரில் ஒருவர், அடுத்தது மூவரில் ஒருவர். ஆறில் முதலாவது அறுவரில் ஒருவர், அடுத்தது நால்வரில் ஒருவர். கூட்டம் கூடியது, ஊகம் கூடவில்லை. மொத்தத் தலை ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதில் ஆட்டம் எவ்வளவு தொங்குகிறது என்று போலந்துக்காரர் பியோத்ர் மிக்தாவ் 2010-ல் எழுதிய கட்டுரை விளக்குகிறது.

இதில் டாக்டரைச் சேர்த்துப் பாருங்கள். ஐந்து பேரில் முதல் ஊகம் தப்பிப் போய் நாலு பேர் மிஞ்சுகிறார்கள். டாக்டர் அந்த ஒரு தடவை மட்டும் ஒருவரைக் காப்பாற்ற, மறுநாளும் நாலு பேர். பிழைத்தவர் யாரென்று நடத்துபவர் சொல்லாமல் விட்டால், ஊரின் வாய்ப்பு நாலில் ஒன்று. டாக்டர் தூங்கியிருந்தால் மூவர் மிஞ்சி, வாய்ப்பு மூன்றில் ஒன்றாக இருந்திருக்கும். காப்பாற்றிக் கெடுத்த கதை! ஆறு பேரில் தொடங்கினால் நேர்மாறு: காப்பாற்றினால் 15-க்கு 7, விட்டால் நாலில் ஒன்று. அதனால்தான் பல இடங்களில் 'இன்றைக்கு யாரையும் அனுப்ப வேண்டாம்' என்று ஓட்டுப் போடவும் வழி வைத்திருக்கிறார்கள். டாக்டர் இருக்கும் ஆட்டத்தில் அந்த விதி கட்டாயம் வேண்டும்.

வேடங்கள் பெருகப் பெருக, எதை எதோடு சேர்ப்பது என்று நடத்துபவர்கள் திணறினார்கள். டெட் ஆல்ஸ்பாக் 2008-ல் கொண்டுவந்த அல்டிமேட் வேர்வுல்ஃப், சீட்டிலேயே எண்ணைப் போட்டது. சாதா ஊரார் கூட்டல் 1, குறிசொல்பவர் கூட்டல் 7, ஓநாய் கழித்தல் 6. எல்லாவற்றையும் கூட்டினால் பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். எட்டுப் பேர் ஆட்டத்தில் இரண்டு ஓநாய், ஒரு குறிசொல்பவர், ஐந்து ஊரார் என்று போட்டால் சரியாகப் பூஜ்யம். அருமையான ஏற்பாடு, முதல் தடவை நடத்துகிறவருக்கு அதைவிட நல்ல கைத்தடி கிடையாது. ஆனாலும் கூட்டல் கணக்குக்குப் பிடிபடாத ஒன்று உண்டு. டாக்டர் இல்லாத ஊரில் போலீஸ் வாயை மூடிக்கொண்டு இருப்பார், டாக்டர் இருந்தால் துணிந்து எழுந்து பேசுவார். இருவரும் சேர்ந்த பலம், தனித்தனி பலங்களைக் கூட்டினால் வருவதைவிட அதிகம்.

என்னைக் கேட்டால், பலமான வேடம் ஊரின் பேச்சை நிறுத்திவிடும் சிக்கலுக்கு மிக அழகான தீர்வு டான் எஸ்க்ரிட்ஜ் கண்டது. அவர் 2009-ல் வெளியிட்ட ரெசிஸ்டன்ஸ் ஆட்டத்தில் யாரும் வெளியேறுவதே இல்லை. 2012-ல் வந்த அவருடைய அவலான் ஆட்டத்தில் மெர்லின் என்ற மந்திரவாதிக்குத் துரோகிகள் யாரென்று முதல் இரவிலேயே தெரியும். போலீஸைவிடப் பெரிய பலம். அதற்கு வைத்த விலையைப் பாருங்கள்: நல்லவர்கள் ஜெயித்துவிட்டாலும், கடைசியில் துரோகிகள் கூடிப் பேசி மெர்லினை அடையாளம் காட்டிவிட்டால் வெற்றி அவர்களுக்கு. எல்லாம் தெரிந்தவர் எதுவும் தெரியாதவர் போலப் பேச வேண்டும். மற்ற நல்லவர்களும் விஷயம் தெரிந்தவர்கள் போல நடித்து அவரை மறைக்க வேண்டும். பலமான வேடம் இங்கே எல்லார் வாயையும் திறக்கிறது. சில நாளாக எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மந்திரி சீட்டை இப்படித்தான் ஆடுகிறார்கள். மந்திரிக்குத் திருடன் யாரென்று தெரியும், ஆனால் மாட்டிக்கொள்ளக் கூடாது.

இன்னும் ஒரு மனக்குறை மிச்சம் இருக்கிறது. வெளியேறியவர் என்ன செய்வார்? முதல் இரவிலேயே போன குழந்தை அரைமணி நேரம் சும்மா உட்கார வேண்டியிருக்கும். கண் கலங்கும், இல்லாவிட்டால் போனை எடுக்கும். 2020 ஊரடங்கில் நம் பிள்ளைகள் போனில் ஆடித் தீர்த்த அமங் அஸ், 2018-ல் வந்த ஆட்டம், இதைக் கொஞ்சம் சரிசெய்தது: செத்தவர்களும் ஆவியாகத் தங்கள் வேலையை முடித்து, கூட்டாளிகளுக்கு உதவலாம். 2021 நவம்பரில் அதில் விஞ்ஞானி, பொறியாளர், காவல் தேவதை, உருமாறி என்று வேடங்களும் சேர்ந்தன. போனவர் திரும்பி வரும் கதை அவிநாசிக்காரர்களுக்குப் புதிதில்லை. சேர்ந்து விளையாடப் போன இரு சிறுவர்களில் ஒருவனை முதலை விழுங்க, வருஷங்கள் கழித்து இங்கே வந்த சுந்தரர் பதிகம் பாடி அவனை மீட்டுக் கொடுத்தார் என்பது இந்த ஊரின் கதை. அத்தனை வருஷ வளர்த்தியோடு அவன் திரும்பினான் என்பார்கள்.

ஸ்டீவன் மெட்வே உருவாக்கி 2022-ல் வெளிவந்த பிளட் ஆன் தி கிளாக்டவர், செத்தவர்களை ஆட்டத்துக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. அவர்கள் கடைசி வரை பேசலாம். இனி ஒரே ஒரு ஓட்டு மட்டும் அவர்களுக்கு உண்டு, எப்போது போடுவது என்பது அவரவர் இஷ்டம். குடிகாரன் என்றொரு வேடமும் உண்டு: தன்னை நல்ல வேடக்காரர் என்றே நம்பிக்கொண்டிருப்பார், அவருக்குக் கிடைக்கும் தகவல் பொய்யாக இருக்கலாம். அதனால் எழுந்து 'நான் பார்த்தேன்' என்று சொல்பவர் பொய் சொல்லாமலேயே தப்பாகச் சொல்லக்கூடும். அப்படியோர் ஊரில் போலீஸின் ஒரு சொல்லோடு ஆட்டம் முடியாது. நாலு பேர் சொன்னதையும் ஒட்டிப் பார்த்துத்தான் ஓட்டுப் போட முடியும், செத்தவரின் அந்த ஓர் ஓட்டும் யார் பக்கம் விழும் என்று இரண்டு கட்சியும் கடைசி நாள்வரை அவரிடம் வந்து பேசியாக வேண்டும்.