கிலிம் விரிப்புகள்: தறி தந்த வடிவங்கள், வயதைச் சொல்லும் சாயங்கள்

துருக்கியின் அனடோலியா, ஈரான், காகசஸ் ஆகிய பகுதிகளில் கம்பளி நூலால் தட்டையாக நெய்யப்படும் விரிப்புகள் 'கிலிம்' என்று அழைக்கப்படுகின்றன. முடிச்சிட்டு நெய்யும் கம்பளங்களைப் போல் இவற்றுக்கு மென்மயிர்ப் பரப்பு கிடையாது. பாவு நூல்களை முழுவதுமாக மறைக்கும் வண்ண ஊடை நூல்களே இவற்றின் மேற்பரப்பாக அமைகின்றன.

வடிவங்கள் பிறந்த விதம்

கிலிம் நெசவில் ஒவ்வொரு வண்ண ஊடையும் தனது பகுதியின் எல்லையை எட்டியதும் திரும்பிவிடும். எல்லை செங்குத்தாக அமைந்தால் இரு வண்ணங்களுக்கு நடுவே பிளவு உண்டாகும். பிளவு நீண்டால் விரிப்பு வலுவிழக்கும். இதைத் தவிர்க்க நெசவாளர்கள் எல்லையைப் படிப்படியாக நகர்த்தினர். சாய்சதுரம், முக்கோணம், கொக்கி போன்ற வடிவங்கள் பெரிதும் இந்தத் தேவையால் உருவானவை.

சர்ச்சைக்குள்ளான தொன்மை

'இடுப்பில் கை வைத்த பெண்', 'கிடாய்க் கொம்பு' எனப் பல வடிவங்களுக்குப் பெயர்கள் வழங்குகின்றன. எனினும், இப்பெயர்கள் அவற்றின் தொன்மைப் பொருளுக்குச் சான்றாகா. துருக்கியில் உள்ள புதிய கற்காலக் குடியிருப்பான சாத்தால்ஹூயுக்கின் சுவரோவியங்களில் கிலிம் வடிவங்கள் இருந்ததாக, பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஜேம்ஸ் மெல்லார்ட் 1989-இல் வெளியான நூலில் கூறினார். அதற்கு ஆதாரமாக அவர் காட்டியவை அவரே வரைந்த படங்கள். அவரது மறைவுக்குப் பின், 2018-இல் அவரது லண்டன் இல்லத்தில் கண்டறியப்பட்ட வரைவுகள், அவர் சுவரோவியங்களைப் புனைந்தார் என்ற முடிவுக்கு ஆய்வாளர்களை இட்டுச் சென்றன.

வயதை அறிவது எப்படி?

வயதை மதிப்பிடுவதில் கதைகளைவிடச் சாயங்கள் நம்பகமானவை. மஞ்சிட்டி இனச் செடியின் வேரிலிருந்து சிவப்பும், அவுரியிலிருந்து நீலமும் பெறப்பட்டன. பிரிட்டனின் வில்லியம் பெர்கின் 1856-இல் அனிலின் சாயத்தைக் கண்டறிந்தார். எனவே, அவ்வகைச் சாயமேற்றிய நூலால் நெய்த விரிப்பு அதற்கு முற்பட்டதாக இருக்க இயலாது. அதேவேளையில், இயற்கைச் சாயம் மட்டுமே பழமையை உறுதிப்படுத்தாது. துருக்கியில் 1981-இல் தொடங்கிய டோபாக் திட்டம் கம்பள நெசவில் இயற்கைச் சாயங்களை மீட்டெடுத்தது.

வெட்டினால் அழியும் சான்று

பொதுவாக 100 ஆண்டுகளைக் கடந்தவையே தொன்மையான விரிப்புகளாகக் கருதப்படுகின்றன. சேதமடைந்த பழைய கிலிம்கள் வெட்டப்பட்டு மெத்தைத் திண்டு உறைகளாகவும் பைகளாகவும் விற்கப்படுவதுண்டு. குறுகிய தறிகளில் இரு பாதிகளாக நெய்து இணைக்கப்பட்ட பெரிய விரிப்புகளும் உள்ளன. துண்டாக்கப்படும்போது முழு வடிவமும், ஓரங்களை முடித்த முறையும் மறைகின்றன. எந்த வட்டாரத்தில் நெய்யப்பட்டது என்பதற்கான தடயங்களும் அவற்றுடன் அழிகின்றன.