முடிவற்ற பூமிகளும் ஐந்தாண்டுக் கணக்கும்

டிசி காமிக்ஸின் அதிநாயகர் கதைகளை வாசிக்க விரும்பும் நண்பர்கள் நம்மிடம் கேட்கும் முதற்கேள்வி, "எங்கிருந்து தொடங்குவது?" என்பதே. கேள்வி எளியது, விடைக்கு ஒரு வரலாறே தேவைப்படுகிறது. ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் படைத்த சூப்பர்மேன் 1938-இல் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் தோன்றினான். அடுத்த ஆண்டே பேட்மேன் வந்தான். எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர்களுடைய கதைகள் வந்துகொண்டேயிருக்கின்றன. அவர்களோ இன்னும் இளைஞர்களாகவே இருக்கிறார்கள். பல நூறு கைகள் எழுதிய இக்கதைகள் அனைத்தும் ஒரே உலகில், ஒரே வரலாறாக நிகழ்ந்தவை என்று வாசகர் நம்பத் தொடங்கியபோதுதான் சிக்கல் பிறந்தது.

இரண்டாவது பூமி

1940-இல் அறிமுகமான முதல் ஃப்ளாஷ், ஜே காரிக். போருக்குப் பின் அதிநாயகர் கதைகளின் விற்பனை சரிய, அவன் மறைந்துபோனான். 1956-இல் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் ஆசிரியராயிருந்த ஷோகேஸ் நான்காம் இதழில் புதிய ஃப்ளாஷாக பாரி ஆலன் வந்தான். பழைய ஃப்ளாஷ் இவனுக்கு ஒரு காமிக்ஸ் பாத்திரம் மட்டுமே. அந்த இதழைப் படித்துத்தான் தன் பெயரையே தெரிவு செய்கிறான்.

1961-இல் கார்ட்னர் ஃபாக்ஸ் எழுதி, கார்மைன் இன்ஃபான்டினோ வரைந்த கதையில் பாரி ஆலன் வேறொரு பூமிக்குச் சென்று, ஜே காரிக்கை நேரிலேயே சந்திக்கிறான். அப்படியென்றால் அவன் சிறுவயதில் படித்த காமிக்ஸ்? அதை எழுதிய கார்ட்னர் ஃபாக்ஸ் உறக்கத்தில் மறு பூமியின் நிகழ்ச்சிகளைக் கண்டு எழுதியிருக்க வேண்டும் என்று பாரி விளக்குகிறான்! முன்னுக்குப் பின் முரணான இரு பாடல்களுக்கு இடையே பாலம் கட்டும் உரையாசிரியரின் சாமர்த்தியம் இது.

பாலம் உறுதியாக நின்றது. 1963 முதல் இரு பூமிகளின் நாயகர்களும் ஆண்டுதோறும் சந்தித்தார்கள். பிற பதிப்பகங்களிலிருந்து வந்த பாத்திரங்களுக்கும் தனித்தனிப் பூமிகள் ஒதுக்கப்பட்டன. எண்பதுகளில் எந்தக் கதை எந்தப் பூமியில் நடக்கிறது என்பதே புதிய வாசகருக்கு ஒரு தேர்வாகிவிட்டதாகப் பதிப்பகத்தார் கருதினர்.

பெருநெருக்கடி

விளைவு, 'க்ரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்'. மார்வ் உல்ஃப்மன் எழுத, ஜார்ஜ் பெரெஸ் வரைய, 1985-86-இல் பன்னிரண்டு இதழ்களாக வந்தது. எண்ணற்ற பூமிகள் அழிகின்றன. எஞ்சியவை ஒரே பூமியாக இணைகின்றன. ஏழாம் இதழில் சூப்பர்கேர்ள் இறக்கிறாள். எட்டாம் இதழில் பாரி ஆலன். பிரம்மாண்டமான படைப்பு என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் பழைய வீட்டை இடித்தபின் புதிய வீட்டை ஒரே திட்டத்தில் கட்டவில்லை. ஒவ்வோர் அறையையும் ஒவ்வொருவர், வெவ்வேறு காலத்தில் கட்டினார்கள்.

1986-இல் ஜான் பைர்ன் சூப்பர்மேனை முதலிலிருந்து எழுதினார். அவருடைய கதையில் அவன் சிறுவனாக இருந்தபோது சூப்பர்பாயாகப் பறந்ததேயில்லை. நன்று, ஆனால் சூப்பர்பாயை முன்மாதிரியாகக் கொண்டு உருவான எதிர்கால வீரர் கூட்டமான லீஜனின் கதைகள் 1958 முதல் வந்துகொண்டிருந்தனவே! அவர்களுக்கு ஆணிவேர் அற்றுப்போனது. எனவே அவர்கள் கண்ட சூப்பர்பாய் ஒரு 'பையடக்கப் பிரபஞ்சத்தில்' வாழ்ந்தவன் என்று 1987-இல் விளக்கம் சொல்ல நேர்ந்தது. ஒரே பூமிதான் என்று முடிவான மறு ஆண்டே இன்னொன்று முளைத்துவிட்டது.

ஹாக்மேனின் நிலை இன்னும் பரிதாபம். க்ரைசிஸுக்குப் பின்னும் சில ஆண்டுகள் பழைய ஹாக்மேனாகவே உலவினான். 1989-இல் டிமதி ட்ரூமன் 'ஹாக்வேர்ல்ட்' என்ற கதையில் அவனை முற்றிலும் புதிதாக எழுதினார். அடுத்த ஆண்டு தொடங்கிய மாத இதழ், அவன் இப்போதுதான் பூமிக்கே வருகிறான் என்றது. அப்படியானால் இடைப்பட்ட ஆண்டுகளில் நாயகர்களோடு தோள்சேர்ந்து நின்றவன் யார்? வேடமிட்ட ஓர் ஒற்றன் என்று ஓர் இடைச்செருகல் எழுதப்பட்டது. 1994-இல் 'ஸீரோ அவர்' தொடர் எல்லா ஹாக்மேன்களையும் ஒருவனாக்கிப் பார்த்தது. குழப்பம் கூடியதேயன்றிக் குறையவில்லை.

ஐந்தாண்டுக் கணக்கு

2011-இல் 'ஃப்ளாஷ்பாயிண்ட்' தொடரின் முடிவில் மீண்டும் அனைத்தும் கலைக்கப்பட்டன. அவ்வாண்டு ஆகஸ்டு 31-இல் ஜெஃப் ஜான்ஸ், ஜிம் லீ இருவரின் 'ஜஸ்டிஸ் லீக்' வெளிவந்தது. தொடர்ந்து ஐம்பத்திரண்டு இதழ்களும் எண் ஒன்றிலிருந்து தொடங்கின. 904 இதழ்களைக் கண்ட ஆக்‌ஷன் காமிக்ஸும் மீண்டும் ஒன்று என்று எண்ணிட்டுக்கொண்டது. சூப்பர்மேனுக்கும் லோயிஸ் லேனுக்கும் 1996-இல் நடந்த திருமணம் நடக்காததாயிற்று. அதிநாயகர்கள் தோன்றி ஐந்தாண்டுகளே ஆகின்றன என்பது புதிய விதி.

ஆனால் நன்கு விற்றுக்கொண்டிருந்த பேட்மேன், கிரீன் லேண்டர்ன் கதைகளைக் கலைக்கப் பதிப்பகத்துக்கு மனம் வரவில்லை. ஆகவே டிக் கிரேசன், ஜேசன் டாட், டிம் டிரேக், டேமியன் என்று நால்வர் பேட்மேனின் துணைவர்களாக வளர்ந்து, ஒருவன் இறந்தும் மீண்டு, இன்னொருவன் பத்து வயது மகனாகவும் வந்து சேர, அந்தச் சில ஆண்டுகளே இடமாயின. வாசகர்கள் விரல்விட்டு எண்ணிப் பார்த்துக் களைத்தார்கள்.

கணக்குப் பிழையை நாம் சிரித்துக் கடந்துவிடலாம். பார்பரா கார்டனின் கதையை அப்படிக் கடக்க இயலவில்லை. 1988-இல் ஆலன் மூரின் 'தி கில்லிங் ஜோக்' கதையில் ஜோக்கரால் சுடப்பட்டு நடக்க இயலாதவளானாள் அவள். அவளை அத்துடன் விட்டுவிட மனமில்லாத கிம் யேலும் ஜான் ஆஸ்ட்ராண்டரும், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி கணினியின் துணையால் பிற நாயகர்களுக்கு வழிகாட்டும் 'ஆரக்கிள்' ஆக்கினார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, மாற்றுத்திறனாளி வாசகர் பலர் தம்மையே கண்ட அரிய பாத்திரம் அது. 2011-இல் அவள் எழுந்து நடந்து மீண்டும் பேட்கேர்ள் ஆனாள். எழுதிய கெயில் சிமோன் பொறுப்புணர்ந்தே எழுதினார், மகிழ்ந்தவரும் உண்டு. ஆயினும் சுடப்பட்ட நிகழ்ச்சி வரலாற்றில் நிலைத்தது. அதன்பின் அவள் கட்டியெழுப்பிய வாழ்வுதான் மங்கிப்போனது. மறுதொடக்கத்தில் எது மிஞ்சுகிறது, எது அழிகிறது என்பது வெறும் காலவரிசைச் சிக்கல் அன்று என்பதை நாம் உணர்ந்தது இங்கேதான்.

2016-இல் 'ரீபர்த்' வந்தது. 2011-இல் காணாமற்போன வாலி வெஸ்ட் காலத்துக்கு வெளியே தவித்தபடி, தன்னை யாரேனும் நினைவுகூர மாட்டார்களா என்று ஒவ்வொருவராகத் தேடி வருகிறான். கடைசியில் பாரி ஆலன் அவனை அடையாளம் காண்கிறான். பதிப்பகம் தன் பிழையைத் தானே ஒப்புக்கொண்ட பக்கங்களாகவே நாம் இதை வாசித்தோம். ஆக்‌ஷன் காமிக்ஸ் பழைய எண்ணிக்கையோடு புதிய 52 இதழ்களையும் கூட்டி 957-ஆம் இதழாக வெளிவந்தது. 2018-இல் ஆயிரத்தைத் தொட்டது.

இனி நண்பர்களின் கேள்விக்கு விடை. இதழ் எண்ணைத் தொடராதீர்கள், எழுத்தாளரைத் தொடருங்கள். ஃபிராங்க் மில்லரின் 'பேட்மேன்: இயர் ஒன்', கிராண்ட் மாரிசனின் 'ஆல்-ஸ்டார் சூப்பர்மேன்', 2011-இல் ஸ்காட் ஸ்னைடர் தொடங்கிய பேட்மேன் என, முன்கதை அறியாமலே நுழையத்தக்க வாயில்கள் பல உள்ளன. முரண்கள் எதிர்ப்படும்போது பாடபேதமாக ஏற்றுக்கொள்ளுங்கள். பதிப்பகம் ஒரு கதையை நடக்காதது என்று அறிவிக்கலாம். அதை வாசித்தவரின் நெஞ்சில் அது நடந்ததுதான்.