படகுக்கும் ஹிஸ்டரி கேக்கணும்

போன மாசம் ஒரு அண்ணன் வந்தார். வயசு அறுபதுக்கு மேல. ரெண்டு கையும் முழங்கை வரைக்கும் சிவந்து, சொறிஞ்ச கோடு கோடா இருந்தது.

"சிரங்கு டாக்டர். ஆயின்மென்ட் எழுதிக் குடுங்க."

சிரங்குன்னா விரல் இடுக்குல இருக்கணும். இல்ல. சட்டை மறைச்ச இடமெல்லாம் சுத்தம். "என்ன வேலை பாக்குறீங்கண்ணே?"

"பழைய ஃபைபர் போட்டு ஒண்ணு கெடக்குது. நானே தேய்ச்சி ரெடி பண்றேன்."

அவ்வளவுதான், விஷயம் முடிஞ்சது. அது கண்ணாடித் தூள். ஃபைபர் படகுன்னு நாம சொல்றது கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்து இறுகின ஒரு ஓடு. அதைத் தேய்ச்சா பொடி ஊசி மாதிரி தோல்ல குத்தும். துணியால அழுத்தித் துடைக்காம ஓடுற தண்ணியில கழுவுங்க, அந்த உடுப்பைத் தனியா துவைங்கன்னு சொன்னேன்.

ஆனா எங்க படிப்புல முதல்ல சொல்லித்தர்றது, நோயைப் பாக்குறதுக்கு முன்னாடி ஹிஸ்டரி எடுன்னு. படகு ஏன் உடைஞ்சதுன்னு கேட்டேன். "அடியில கல்லு கிழிச்சிடுச்சி, மேல எண்ணெ" என்றார். இந்த ஒரு வரிக்குள்ள 150 வருஷக் கதை இருக்கு சொந்தங்களே. கொஞ்சம் பொறுமையா படிங்க.

சென்னைக் கடற்கரையில இயற்கையான துறைமுகம் கிடையாது. அலை நேரா வந்து மோதும். அதுக்கு நம்ம ஆளுங்க கண்டுபிடிச்ச பதில் வளைஞ்சு கொடுக்குற படகு. கட்டுமரம்னா மரத்தைக் கயித்தால கட்டுறது. ஓட்டை விழ அதுல உள்ளறையே இல்ல. கரைக்கு வந்தா அவிழ்த்துக் காய வைக்கலாம், ஒரு கட்டை கெட்டா அதை மட்டும் மாத்தலாம். டாம்பியர்னு ஒரு ஆங்கிலேய மாலுமி 1697-ல வெளியான புத்தகத்துலயே இதைப் பத்தி எழுதியிருக்கார். கப்பல்லேர்ந்து ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்த மசூலா படகுல ஆணி கிடையாது. பலகையைக் கயித்தால தைச்சது.

அப்புறம் 1875-ல துறைமுகத்துக்கு அடிக்கல். கடலுக்குள்ள நீட்டிக் கட்டின சுவர், கரையோரமா தெற்கேயிருந்து வடக்கே நகர்ற மணலை மறிச்சது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமாச்சு. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் கரையைத் தின்னுது. தடுக்கக் கல் கொட்டினாங்க. மெரினாவுல உக்காந்து சுண்டல் சாப்பிடுற நமக்கு அந்த மணலோட மறுபக்கம் தெரியறதே இல்ல.

மணல்ல ஏத்தி இறக்கின படகை இப்ப கல்லுக்கு நடுவுல ஏத்தணும். அண்ணன் சொன்ன கல்லு இதுதான்.

ஃபைபர் எப்ப வந்தது? 1979-லேர்ந்து ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்போட வங்கக்கடல் திட்டம் சென்னையை மையமா வச்சு, கரையில ஏத்தி இறக்குற புதுப் படகுகளைச் சோதிச்சது. 1980-களோட தொடக்கத்துல கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்துல, பியர் ஜிலே என்ற பெல்ஜியப் பாதிரியார் ஒட்டுப்பலகைப் படகு கட்ட ஆரம்பிச்சார். பலகையைத் தைச்சு ஒட்டுற முறை. மசூலா ஞாபகம் வருதா?

பெரிய மாற்றம் 2004 சுனாமிக்கு அப்புறம். நிவாரணமா ஃபைபர் படகுகள் வந்து குவிஞ்சது. அவசரத்துல கட்டினதுல பலதோட தரம் சுமார்தான். கட்டுமரம் வேகமா குறைஞ்சது.

ஃபைபர் நல்ல பொருள், மறுக்கல. மக்காது, செல்லரிக்காது. ஆனா கட்டுமரத்தைப் பழுதுபாக்க கயிறும் கையும் போதும். இதுக்கு ரெசின், மேட், ரோவிங், கேட்டலிஸ்ட் எல்லாம் கடையில காசு குடுத்து வாங்கணும்.

இப்ப எண்ணெய். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளம். மணலியிலேர்ந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியா எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போச்சு. அரசு 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய் அறிவிச்சது. கழுவினா போயிடுமேன்னு நினைக்கிறோம். எண்ணெய் பட்ட ஃபைபர் மேல புது ரெசின் ஒட்டாது. துடைக்காம தேய்ச்சா எண்ணெய் கீறல் வழியா இன்னும் உள்ள போகும். அண்ணன் அந்தத் தப்பைத்தான் பண்ணியிருந்தார்.

அதனால வரிசை முக்கியம். முதல்ல சோப்பு, அப்புறம் அசிட்டோன் துணி. துணியை அடிக்கடி மாத்தணும். அதுக்கப்புறம்தான் தேய்க்கணும், விரிசலைச் சுத்தி நல்ல சரிவா. ஓடு 5 மில்லிமீட்டர்னா சரிவு 6 சென்டிமீட்டர் வரைக்கும் போகலாம். செங்குத்தா வெட்டி ஒட்டுப் போட்டா அடுத்த கல்லுலயே பிச்சுக்கும். அப்புறம் மேட், ரெசின், காத்துக்குமிழ் போக உருளை. மழை ஈரத்துல வேண்டாம்.

காசு மிச்சம் பிடிக்க: பெயின்ட் அடுத்த வருஷம் அடிச்சுக்கலாம், பாய்மரத்துக்குச் சவுக்குக் கம்பு போதும். பழைய ரெசின் மலிவா கிடைச்சா மட்டும் வாங்காதீங்க. சில மாசத்துல கெட்டுப்போற பொருள் அது.

இனி டாக்டரா பேசுறேன். கேட்டலிஸ்ட் கண்ணுல ஒரு சொட்டு பட்டாலும் பார்வை போகலாம். ஆட்டோ தேடாதீங்க. முதல்ல இருக்குற தண்ணியை இருபது நிமிஷம் விடாம ஊத்திக் கழுவுங்க, அப்புறம் கண் ஆஸ்பத்திரி. கண்ணாடி போடாம அந்த பாட்டிலைத் திறக்கவே கூடாது. கோபால்ட் ஆக்ஸிலரேட்டரையும் கேட்டலிஸ்டையும் நேரடியா ஒண்ணோட ஒண்ணு கலக்காதீங்க, வெடிக்கும். ஆக்ஸிலரேட்டரை ரெசின்ல நல்லா கலந்துட்டு, கடைசியா கேட்டலிஸ்ட். தூளுக்கு மாஸ்க் உதவும், ரெசின் வாடைக்கு அதே மாஸ்க் உதவாது. திறந்த வெளியில வேலை பாருங்க. தலை சுத்தினா நிறுத்துங்க.

நேத்து அண்ணன் பிரஷர் மாத்திரைக்கு வந்தார். கை ஆறியிருச்சு. அடிப்பக்கம் மூணு அடுக்கு போட்டாச்சாம். இஞ்சினை எப்பவோ வித்துட்டார், முன்பலகையில பாய்மரம் நடுற ஓட்டை மட்டும் இன்னும் இருக்கு. விடியக்காலை நிலத்துக் காத்துல போய், மதியம் கடல் காத்துல திரும்பிடுவேன்னார்.

"பாய்க்கு என்னண்ணே பண்ணீங்க?"

"பிளெக்ஸ் பேனர் டாக்டர். யாரோ கல்யாணத்துக்கு வச்சது. மாப்ள மூஞ்சி உள்பக்கம் வர்ற மாதிரி தைச்சிட்டேன்."