படகு ஏற்றிய றெயிலர்: கடலுக்கும் வீதிக்கும் இடையில் விடுபடும் காப்புறுதி

முல்லைத்தீவுக் கரையில் படகுகள் கடலில் மட்டும் பயணிப்பதில்லை. வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கினால் அவற்றை மேட்டுக்கு இழுக்க வேண்டும். திருத்த வேலைக்குக் கொண்டுபோக வேண்டும். பருவம் மாறும்போது வேறு கரையில் வாடி போடுபவர்களும் இருக்கிறார்கள். இதற்கெல்லாம் உழவு இயந்திரத்தில் பூட்டிய றெயிலர்தான் துணை. பரந்தன் – முல்லைத்தீவு ஏ-35 வீதியில் படகும் எஞ்சினும் வலையுமாகப் போகும் ஒரு றெயிலரில் ஒரு குடும்பத்தின் முழு முதலும் இருக்கும். அது வழியில் புரண்டால் இழப்பை யார் தருவார்கள் என்று நான் கேட்டபோதெல்லாம், “உழவு இயந்திரத்துக்கு இன்சூரன்ஸ் இருக்குத்தானே” என்ற பதிலே கிடைத்தது. அந்த நம்பிக்கை பெரும்பாலும் கைகொடுக்காது.

மூன்றாம் தரப்புக் காப்புறுதி

1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் இது கட்டாயமானது. இது இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. ஆனால் இது காப்பது மற்றவரை. உங்கள் வாகனத்தால் இன்னொருவர் காயப்பட்டால் அல்லது இறந்தால் அவருக்குரிய இழப்பீட்டுக்கானது. உங்கள் படகுக்கு இதிலிருந்து ஒரு சதமும் வராது. றெயிலருக்குத் தனியான பதிவு இலக்கம் உண்டு. அந்த இலக்கமும் காப்புறுதிச் சான்றிதழில் இருக்கிறதா என்று பாருங்கள்.

முழுமையான காப்புறுதி

இது உங்கள் வாகனத்தின் சேதத்தையும் ஏற்கும். றெயிலரும் அதன் பெறுமதியும் பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தால்தான் றெயிலருக்கும் பொருந்தும். மேலே ஏற்றிய படகு வாகனத்தின் பாகமாகக் கொள்ளப்படாது. அது வெறும் சுமைதான்.

படகுக் காப்புறுதி

படகு, எஞ்சின், வலை ஆகியவற்றைத் தனித்தனியாகப் பெறுமதி போட்டு எழுதுவது நல்லது. கரையில் இழுத்து வைத்திருக்கும் காலம் அடங்குமா, வீதியில் கொண்டுசெல்லும்போது ஏற்படும் சேதம் அடங்குமா என்பவை இரண்டு தனிக் கேள்விகள். வீதிப் பயணத்தைப் பல வேளைகளில் கேட்டுத்தான் சேர்க்க வேண்டும். எஞ்சின் களவுபோனால், அது பூட்டப்பட்டிருந்ததா என்று விசாரிப்பார்கள்.

கட்டுப்பணத்தைக் குறைக்கப் பெறுமதியைக் குறைத்துச் சொல்வதும் ஆபத்து. 10 இலட்சம் ரூபா பெறுமதியான படகை 6 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தால், விகிதாசார விதி உள்ள பத்திரத்தில், 2 இலட்சம் சேதத்துக்கு 120,000 ரூபாதான் கணக்கு. அதிலும் உரிமையாளர் ஏற்க வேண்டிய முதல் பங்கு கழிக்கப்படும்.

போரும் தீவைப்பும்

சாதாரணக் காப்புறுதிப் பத்திரங்களில் போர் விலக்கு என்று ஒரு வரி இருக்கும். தரையில் நடக்கும் போர்ச் சேதத்தை ஏற்பதில்லை என்று லண்டன் காப்புறுதியாளர்கள் 1937 இலேயே தமக்குள் உடன்பட்டுவிட்டார்கள். 2009 இல் நாம் விட்டுவந்த படகுகளுக்கும் உழவு இயந்திரங்களுக்கும் எவ்வளவு நல்ல காப்புறுதி இருந்திருந்தாலும் இந்த வரி குறுக்கே நின்றிருக்கும்.

கலவரமும் பயங்கரவாதமும் வேறு கணக்கு. மேலதிகக் கட்டணம் செலுத்தி அவற்றைச் சேர்க்கலாம். 1983 வன்செயல்களுக்குப் பின் 1987 இல் தொடங்கப்பட்ட இந்த ஏற்பாட்டை இப்போது தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துகிறது. 2018 ஆகஸ்டில் நாயாற்றில் தமிழ்க் கடற்றொழிலாளரின் வாடிகளும் படகுகளும் எரிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. ஆகவே ‘தீ’ என்ற சொல்லோடு நிறுத்தாமல், வேண்டுமென்றே பிறர் வைக்கும் தீயும் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள்.

யாருடைய பெயரில் இருக்கிறது?

வன்னியில் இதுதான் மிகக் கடினமான கேள்வி. படகோ றெயிலரோ இன்னும் காணாமல் ஆக்கப்பட்ட கணவரின் பெயரில் இருந்தால், கட்டுப்பணத்தை மனைவி கட்டிவந்தாலும் இழப்பீடு கோரும்போது சிக்கல் வரலாம். மரணச் சான்றிதழ் எடுக்க விரும்பாத குடும்பங்களுக்காக, 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் காணக்கிடைக்காமைச் சான்றிதழைக் கொண்டுவந்தது. அதை எடுப்பதா இல்லையா என்பது அந்தந்தக் குடும்பத்தின் முடிவு. எடுத்திருந்தால், அதை ஏற்பார்களா என்பதைக் காசு கட்டும் முன்பே நிறுவனத்திடம் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

விபத்து நடந்தால்

வாகனங்களை நகர்த்தும் முன் படம் எடுங்கள். நிறுவனத்துக்கு உடனே அறிவியுங்கள். பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் பிரதியை வாங்குங்கள். கடற்றொழில் திணைக்களப் பதிவு, எஞ்சின் இலக்கம், கொள்வனவுச் சிட்டை ஆகியவற்றின் பிரதிகளை வீட்டிலும் சங்கத்திலும் வைத்திருங்கள். ஒரு இடப்பெயர்வில் எல்லாப் பத்திரங்களையும் இழந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதன்பின் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமோ, இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமோ முறையிடலாம்.

முகவர் வாயால் சொல்வது பத்திரத்தில் இல்லையென்றால், அது காப்புறுதி இல்லை. தமிழில் விளக்கம் கேளுங்கள். விளங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.