இந்து சமயத்தில் அன்னப் பறவை

அன்னம் என்பது இந்து சமயத்தில் பிரமனுக்கும் கலைமகளுக்கும் ஊர்தியாகக் கூறப்படும் பறவையாகும். வடமொழியில் இது ஹம்சம் எனப்படுகிறது. பகுத்தறியும் ஆற்றல், தூய்மை, உயிர் ஆகியவற்றின் குறியீடாக இப்பறவை விளங்குகிறது.

எந்தப் பறவை?

அன்னம் என்றதும் நீண்டு வளைந்த கழுத்துடைய வெண்பறவையே இன்று நினைவுக்கு வருகிறது. இரவிவர்மாவின் 'ஹம்ச தமயந்தி' ஓவியத்திலும் அதுவே உள்ளது. ஆனால் அவ்வகைப் பறவை வட இந்தியாவுக்கே மிக அரிதாகத்தான் வருகிறது. பீகாரில் லௌரியா நந்தன்கர் என்னும் ஊரில் உள்ள அசோகர் தூணில், சிங்கத்தின் கீழே வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ள ஹம்சங்கள் பருத்த உடல் கொண்ட காட்டு வாத்துகளாகவே காணப்படுகின்றன. டச்சு அறிஞர் வோகல் 1962-இல் வெளிவந்த தம் நூலிலும் ஹம்சம் காட்டு வாத்தே என நிறுவ முயன்றார்.

வரித்தலை வாத்து திபெத், மங்கோலியா ஏரிக்கரைகளில் குஞ்சு பொரித்து, இமயத்தைக் கடந்து, குளிர்காலத்தில் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் வரை வருகிறது. புறநானூற்றின் 67-ஆம் பாடலில் பிசிராந்தையார், குமரித் துறையில் மீன் உண்டு வடமலைக்குத் திரும்பும் அன்னச் சேவலிடம், வழியில் உறையூரில் கோப்பெருஞ்சோழனைக் காணுமாறு கூறுகிறார். இவ்வாத்தின் பயணத்துடன் அப்பாடல் கூறும் வழி நன்கு பொருந்துகிறது.

உயிரின் குறியீடு

பருவம் மாறியதும் அன்னம் தான் தங்கிய நீர்நிலையை விட்டுப் பறந்துவிடும். உடலில் தங்கிப் பின் நீங்கும் உயிருக்கு அது உவமையானது இதனால்தான் எனலாம். மூச்சு வெளியேறும்போது 'ஹம்', உட்செல்லும்போது 'ஸ' என ஒலிப்பதாக யோக நூல்கள் கூறுகின்றன. இவ்வாறு ஒவ்வோர் உயிரும் தன்னை அறியாமலே ஹம்ச மந்திரத்தை ஓதுகிறது என்பது அவற்றின் கருத்து. பற்றுகளை முற்றும் துறந்த துறவி 'பரமஹம்சர்' எனப்படுகிறார்.

பாலும் நீரும்

நீர் கலந்த பாலில் பாலை மட்டும் பிரித்து உண்ணும் என்பது அன்னத்தைப் பற்றிய பழைய நம்பிக்கை. உயிரியல் இதை ஏற்பதில்லை. எனினும் நல்லதைத் தேர்ந்துகொள்ளும் அறிவுக்கு இது சிறந்த உவமையாக நிலைத்துவிட்டது. சமண முனிவரான பவணந்தியார் நன்னூலில் முதல்தர மாணவருக்கு அன்னத்தையும் பசுவையும் உவமையாகக் கூறுகிறார். இவ்வுவமை சமய எல்லைகளைக் கடந்தது என்பதற்கு இதுவே சான்று.

அறிவின் எல்லை

சிவன் ஒளித்தூணாக நின்றபோது, பிரமன் அன்ன வடிவில் முடியைத் தேடிப் பறந்தும் காணவில்லை. கண்டதாகப் பொய் சொன்னான். தமிழ்நாட்டுச் சிவன் கோயில்களில் கருவறையின் மேற்குச் சுவரில் உள்ள லிங்கோத்பவர் சிற்பத்தின் மேற்பகுதியில் அவ்வன்னத்தைக் காணலாம். பாலையும் நீரையும் பிரிக்கும் பறவையின் வடிவெடுத்தும் பிரமன் பொய்யை விலக்கவில்லை. செருக்கு கலந்தால் அறிவும் தடுமாறும் என்பதை இக்கதை உணர்த்துகிறது.