சுருளுயிரிகளின் கசையிழை மரபியல்

ஸ்பைரோகீட்டுகள் எனப்படும் சுருள்வடிவ பாக்டீரியாக்களில், நீந்த உதவும் புரத இழைகளான கசையிழைகள் உடலுக்கு வெளியே நீளாமல், வெளிச்சவ்வுக்கும் உட்புற உருளைக்கும் இடையிலேயே சுற்றிக் கிடக்கின்றன. அவை சுழலும்போது உடல் முழுவதும் அலையாக நெளிவதால், பிற பாக்டீரியாக்கள் தடுமாறும் பிசுபிசுப்பான திசுக்களையும் இவை ஊடுருவுகின்றன.

லைம் நோயை உண்டாக்கும் பொர்ரேலியா பர்க்டார்ஃபெரியில் இந்த இழைகள் ஒவ்வொரு முனையிலும் 7 முதல் 11 வரை உள்ளன. இழையின் முதன்மைப் புரதத்துக்குரிய ஃபிளாபி மரபணுவைச் சிதைத்தபோது, 2000இல் வெளியான ஆய்வின்படி, அந்நுண்ணுயிரி நகரும் திறனை இழந்ததோடு அலைவடிவத்தையும் இழந்து நேரான கோலாயிற்று. அதாவது, கசையிழை அதற்கு உந்துகருவி மட்டுமன்று, எலும்புக்கூடும் ஆகும். எனினும் இதை எல்லாச் சுருளுயிரிகளுக்கும் பொதுவாக்கலாகாது: லெப்டோஸ்பைராவில் அதே மரபணு செயலிழந்தால் முனைகளின் கொக்கி வடிவம் மறைகிறதே தவிர, உடற்சுருள் அப்படியே நிற்கிறது.

ஒழுங்குமுறையிலும் பொர்ரேலியா விலகியே செல்கிறது. எஷரிக்கியா கோலையில் கசையிழை மரபணுக்கள் படிப்படியாக இயங்க, இறுதிக்கட்டப் படியெடுத்தலைச் சிக்மா-28 என்னும் தனிக் காரணி தொடங்கிவைக்கிறது. பொர்ரேலியாவிலோ அக்காரணியே இல்லாமையால், 26 மரபணுக்கள் ஒன்றாகப் படியெடுக்கப்படும் பெரிய தொகுதி உட்பட, இவை பொதுக் காரணியான சிக்மா-70இன் கீழ் இயங்குகின்றன. ஃபிளாபி புரதத்தின் அளவு படியெடுத்தலுக்குப் பின்னரே கட்டுப்படுத்தப்படுகிறது. சிஎஸ்ஆர்ஏ என்னும் புரதம் அதன் தூது ஆர்என்ஏவில் ஒட்டிக்கொண்டு ரைபோசோமைத் தடுக்கிறது.