வன்னியின் மணிக்கூடும் இரு இயங்குதளங்களும்

வன்னிப் பெருநிலப்பரப்பின் சரித்திரத்தைச் சொல்ல வருவோர் குளங்களையும் காடுகளையும் பண்டாரவன்னியனையும் போர்களையும் விரித்துரைப்பார்களேயன்றி, ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் அங்கே மணிக்கூடு கொழும்போடு ஒத்துப்போகாமல் ஓடியது என்னும் விசித்திரத்தைப் பெரும்பாலும் சொல்லாமலே கடந்துவிடுவர். மழை பொய்த்து, நீர்த்தேக்கங்கள் வற்றி, நாடு மின்வெட்டில் வருந்திய 1996ஆம் ஆண்டில், அரசாங்கம் மே மாதத்திலே மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்தள்ளி, ஒக்டோபரில் அதில் அரைமணியைத் திருப்பிக் கொடுத்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியோ இரண்டையும் ஏற்காது, கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி முந்திய பழைய நேரத்திலேயே நின்றது. 2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 வீதி திறந்த பின்னர், அரசின் கட்டுப்பாட்டிலிருந்த யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் செல்லும் பிரயாணி, புலிகளின் பகுதிக்குள் நுழையும் முகமாலையில் கைக்கடிகாரத்தை அரைமணி பின்தள்ளி, அதைவிட்டு வெளியேறும் ஓமந்தையில் மறுபடியும் முன்தள்ள நேர்ந்தது. 2006 ஏப்ரலில் கொழும்பே பழைய நேரத்துக்குத் திரும்பியதும் இந்த வழக்கு தானாகத் தீர்ந்தது.

கணினிகளும் இவ்வழக்கிற்குச் சாட்சி. உலகத்தின் நேரவலயங்களையெல்லாம் தொகுத்திருப்பதும் லினக்ஸ் இயங்குதளம் நம்பியிருப்பதுமான தரவுக்கோப்பிலே, தமிழர் கட்டுப்பாட்டுப் பிரதேசங்களில் வாழ்வோர் கொல்கத்தாவின் வலயத்தைக் கொள்ளலாம் என்று அதனைப் பராமரிக்கும் பால் எகர்ட் குறித்து வைத்தார். அரசியலில் எவரும் ஒப்புக்கொள்ளாத ஓர் எல்லையை ஒரு கணினிக் கோப்பு இத்தனை சாவதானமாக ஒப்புக்கொண்டது! விண்டோஸில் இலங்கைக்கென இருந்த ஸ்ரீ ஜயவர்த்தனபுர வலயம் அக்காலத்தில் ஆறு மணியையே காட்டியது. ஆகவே வன்னியின் நேரம் வேண்டியவருக்குச் சென்னை, கொல்கத்தா என்றிருந்த வரியே கதி.

ஆனால் இரு இயங்குதளங்களையும் ஒரே கணினியில் வைத்து மென்பொருள் எழுதுவோர், ஓமந்தைத் தடைமுகாம் மறைந்த பின்னரும் அதே பிணக்கை மேசைமேல் காண்கிறார்கள். 1984இல் வந்த ஐபிஎம் ஏடி கணினியில், மின்சாரம் நின்றாலும் மின்கலத்தால் ஓடும் மணிக்கூடு ஒன்று பொருத்தப்பட்டது. அதில் ஊர்நேரத்தை எழுதும் டாஸின் வழக்கத்தை விண்டோஸ் சுவீகரித்துக்கொள்ள, யூனிக்ஸின் மரபில் வந்த லினக்ஸோ, உலகப் பொதுநேரத்தை அங்கே வைத்து, திரையில் மட்டுமே ஊர்நேரமாகக் கணித்துக் காட்டுவதைப் பொதுநியதியாகக் கொண்டது. விளைவு யாதெனில், காலை பத்து மணிக்கு லினக்ஸை மூடி விண்டோஸைத் திறப்பவருக்கு மணி நாலரை; அதைத் திருத்திவிட்டு லினக்ஸுக்கு மீண்டால் பிற்பகல் மூன்றரை! இணைய இணைப்பு இருந்தால் பிழை சிறிது நேரத்தில் சரியாகிவிடும். இல்லாதபோது அது நிலைத்து, எந்தக் கோப்பு புதியது என்பதை நேரத்தைக் கொண்டே தீர்மானிக்கும் ‘மேக்’ (make) போன்ற கருவிகளைக் குழப்பிவிடும்.

பரிகாரம் இரண்டுண்டு: லினக்ஸை ஊர்நேரத்துக்கு இணங்கச் செய்யலாம், அல்லது விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் ஒரு குறிப்பை இட்டு அதனைப் பொதுநேரத்துக்குக் கொண்டுவரலாம். முன்னையது சுலபம், எனினும் என் அபிப்பிராயத்தில் பின்னையதே தக்கது. பத்தாண்டுக்குள் மூன்று முறை சட்டத்தால் மணி மாறிய தேசத்திலே, சட்டம் தீண்டாத நேரத்தை அடியில் வைத்துக்கொள்வதே விவேகம். கிளிநொச்சி அறிவியல்நகரிலும் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் கணினி பயிலும் மாணவர்கள், இரண்டாவது இயங்குதளத்தை நிறுவும் அன்றே இதனைச் செய்துவிடுவார்களாக.